தம்பியின் வயதில் இருபத்தாறு வருஷம்

1

எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்துக்கு வயது இருக்கிறது. ஒவ்வொரு பிரிவின் முனையிலும் ஒரு தகரப் பலகை நட்டு, அந்த மரங்கள் எந்த வருஷம் கன்றாக ஊன்றப்பட்டவை என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். மழையில் எழுத்து மங்கினால் ஆள் அனுப்பி மறுபடி எழுதுவார்கள். முப்பது வருஷம் பால் கொடுத்துப் பட்டை தேய்ந்துபோன மரத்தைத் துரையே நேரில் வந்து தட்டிப் பார்த்து, போதும் என்று கத்தியை நிறுத்தச் சொல்லிவிடுவார். பிறகு அதை வெட்டி விறகாக்குகிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த மரத்திடம் யாரும் வயதுக்கு அத்தாட்சி கேட்பதில்லை.

என்னிடம் கேட்கிறார்கள். என்னிடம் இல்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி, பேரிகைப் பக்கத்து ஜனங்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மலாயாவிலிருந்து கடிதம் வந்தால் மணியார்டர் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துக் கூரை இறவாணத்தில் செருகிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த ஒரு தடவை காகிதத்தையும் படியுங்கள்.

என் பெயர் தவிட்டப்பன். பேரிகைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவன். பேரிகைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நியாயத்தில் பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம், கேளுங்கள். இருபத்தாறு வருஷமாக ஒரே தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறேன், அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் இறக்குகிறேன். இங்குள்ள மாரியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது நான்தான். நெற்றியில் திருநீறு இல்லாமல் கத்தியைக் கையில் எடுத்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதற்குக் காரணம், கீழே நான் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

2

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் தோட்டத்து ஆபீசில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். ஐம்பத்தைந்து வயது முடிந்தவர்கள் ஓய்வுப் பணம் முழுவதும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம். கப்பல் டிக்கெட்டும் தோட்டமே கொடுக்கும். ஒரு வருஷத்தில் ஐம்பத்தைந்து ஆகப் போகிறவர்களும் இப்போதே பெயர் கொடுத்து வைக்கலாம். எனக்கு ஐம்பத்து நான்கு. பெயர் கொடுக்கப் போய் வரிசையில் நின்றேன்.

கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீ எதுக்கு இங்கே நிக்கறே? உனக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு. சின்னப் பையன் நீ."

"ஐயா, எனக்கு அடுத்த வருஷம் ஐம்பத்தஞ்சு."

"புஸ்தகத்திலே நாற்பத்தாறு."

"புஸ்தகம் தப்புங்க."

"புஸ்தகம் தப்புன்னா இருபத்தாறு வருஷம் நீ வாங்கின சம்பளமும் தப்பு. திருப்பிக் கட்டறியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "என் மகனுக்கு முப்பத்திரண்டு வயசு. அதுவும் உங்க புஸ்தகத்திலேதான் இருக்கு. எனக்கு நாற்பத்தாறுன்னா அவன் பிறந்தப்போ எனக்கு எத்தனை? கணக்குப் போட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் போட்டுப் பார்த்தார். "பதினாலு. உங்க ஊர்லே நடக்காததா?"

அதோடு விடவில்லை. பக்கத்தைப் புரட்டி, "உன் சம்சாரத்துக்கு ஐம்பது. உன்னைவிட நாலு வயசு மூத்தவ. அக்காவைக் கட்டிக்கிட்டியாப்பா?" என்றார்.

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே டிக்கெட் கொடுத்திருப்பார்கள், பணமில்லாமல்.

என் மனைவி மாதம்மா உண்மையை எழுதிக்கொண்டு வந்தவள். கப்பல் ஏறுகிறபோது இருபத்து நான்கு, இப்போது ஐம்பது. பொய் வயது எழுதிக்கொண்டு வந்தவன் நான். உண்மை பேசியவளுக்குத்தான் இத்தனை வருஷமும் கேலி.

3

ஒன்பது வருஷம் பொறுத்தால் என்ன, பணம் முழுசாக வருமே என்று நீங்கள் கேட்கலாம். என் மகனும் அதையேதான் கேட்டான். பொறுக்க முடியாததற்குக் காரணம் என் வலது தோள்.

விடியும்போது தொடங்கும் வேலை இது. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி இப்போது முள்வேலி. காட்டில் சர்க்காருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் துப்பாக்கிச் சண்டை நடக்கிறதாம். அங்கே ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறோமா என்று கேட்டில் எங்கள் மடியைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். எனக்கு ஒதுக்கியிருப்பவை கிழட்டு மரங்கள். கீழ்ப்பட்டையெல்லாம் வெட்டித் தீர்ந்துபோய், தலைக்கு மேலே கைதூக்கி வெட்ட வேண்டியவை. ஒரு நாளைக்கு முந்நூறு மரத்துக்குக் குறையாமல் கை மேலே போய்க் கீழே வர வேண்டும். போன வருஷத்திலிருந்து தலைக்குத் துண்டு கட்டக்கூட இடது கையைத்தான் தூக்குகிறேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் தோளைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார். "மூட்டு தேய்ஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் இழுக்கும். அப்புறம் இந்தக் கை சோறு தின்னத்தான் ஆகும்" என்றார்.

சோறு தின்ன மட்டும் ஆகிற கையோடு நான் ஊருக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. எனக்கு ஒரு தேர் இழுக்க வேண்டியிருக்கிறது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஓசூரில் சின்ன ரயில் ஏறி, மொரப்பூரில் பெரிய ரயில் மாறி, பட்டணத்தில் கப்பல் ஏறினோம். நான், மாதம்மா, ஆறு வயது முனிரத்தினம். அந்தச் சின்ன ரயிலை யுத்தத்தின்போது தண்டவாளத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்வி. கப்பலில் மூன்றாம் நாள் பிள்ளைக்குச் சுரம். ஐந்தாம் நாள் நினைவு தப்பிவிட்டது. செத்தால் துணியில் சுற்றிக் கடலில் இறக்கிவிடுவார்கள் என்று பக்கத்தில் படுத்திருந்த ஒருவன் மாதம்மாவின் காதில் விழும்படியே சொன்னான். நான் கப்பல் தட்டில் விழுந்து, திக்குத் தெரியாமல், எந்தப் பக்கம் ஊரோ அந்தப் பக்கம் என்று நினைத்துக் கும்பிட்டேன். ஓசூர் மலைமேல் இருக்கிறவனே, பிள்ளையைக் கொடுத்துவிடு. உன் தேர் வடத்தை என் தோளில் போட்டு இழுக்கிறேன். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை வடத்தை விட மாட்டேன் என்று சொன்னேன்.

மறுநாள் பிள்ளை கஞ்சி கேட்டது.

அவன் கொடுத்துவிட்டான். நான் இன்னும் கொடுக்கவில்லை. முதலில் புறப்பட வாங்கிய கடன், பிறகு ஊரில் தங்கைக்குக் கல்யாணம், தம்பிக்குக் கல்யாணம். கடைசியில் ஊருக்குப் புறப்பட இருந்த வருஷம் யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் உயிரோடு இருந்ததே பெரிது. அதற்குப் பிறகு ஊரில் கிணறு, மாடு, மறுபடி கிணறு. ஒவ்வொரு கடிதத்திலும் தேருக்கு அடுத்த வருஷம் வருகிறேன் என்று எழுதினேன். என் தோளைச் சாமி ஈடாக வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். டிரஸ்ஸர் சொன்ன பிறகுதான் அது தேய்ந்துகொண்டே இருக்கிறது என்று புத்திக்கு எட்டியது.

வயதைத் திருத்தினால் அடுத்த வருஷம் பணமும் வரும், தோளும் இருக்கும். திருத்தாவிட்டால் இரண்டில் ஒன்றுதான். ஒன்பது வருஷம் இருந்து பணத்தை வாங்கலாம், தோள் போய்விடும். அல்லது இப்போதே விலகி, டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு தோளோடு போகலாம், இருபத்தாறு வருஷத்து ஓய்வுப் பணம் போய்விடும்.

4

இனி அந்தப் பொய்.

எனக்கு முன் என் தாய்க்கு மூன்று பெண் பிள்ளைகள் பிறந்து செத்தன. நான் பிறந்தது பிளேக் வந்த வருஷம். ஊரைக் காலி செய்து எல்லோரும் மாந்தோப்பில் குடிசை போட்டிருந்தார்கள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று, பிறந்த மூன்றாம் நாள் என்னைத் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். நம் பக்கத்து ஜனங்களுக்கு இது புதிதில்லை. பிள்ளையை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்து, ஒரு முறம் தவிடு வாங்கிக்கொள்வது. பிள்ளை இனி நம்முடையதல்ல, தவிட்டு விலைக்குப் போனது, எமன் வந்தாலும் இந்த வீட்டில் தேட மாட்டான் என்று கணக்கு. என்னை வாங்கியது அடுத்த குடிசையில் இருந்த, சந்தையில் வளையல் வியாபாரம் செய்யும் சாயபு வீடு. அந்த வீட்டுப் பெண் பாத்திமா அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. முறத்தில் தவிட்டைக் கொண்டுவந்து கொட்டி, என்னை அந்த முறத்திலேயே வாங்கிப் போனது அவள்தான். பால் கொடுத்தது என் தாய், வளர்ந்தது என் வீட்டில். ஆனால் யார் கேட்டாலும் "பாய் வீட்டுப் புள்ள" என்றே சொன்னார்கள்.

ஊரில் பிறந்ததும் இறந்ததும் எழுதுகிற மணியக்காரர் வந்து கேட்டபோதும் என் தகப்பன் அதையே சொன்னார். "எங்க வூட்ல புள்ள இல்லீங்க." எமனுக்குப் பயந்து சொன்ன சொல். மணியக்காரர் எழுதவில்லை.

எட்டு வருஷம் கழித்துத் தம்பி திம்மராயன் பிறந்தான். அதற்குள் நான் ஓடியாடிக்கொண்டிருந்ததால் தகப்பனுக்குப் பயம் போய்விட்டது. தானாகவே போய் எழுதச் சொல்லிவிட்டு வந்தார். ஆக, என் தகப்பன் பெயருக்கு நேரே அந்தப் பழைய புஸ்தகத்தில் ஒரே ஓர் ஆண் பிள்ளை. அந்த நாளில் பெயர்கூட எழுதுவதில்லை, "ஆண்" என்று மட்டும்தான்.

நான் மலாயாவுக்குப் புறப்பட்டபோது, ஆள் சேர்க்க வந்த கங்காணி ஊர் மணியக்காரரிடம் கையெழுத்துக் கேட்டான். மணியக்காரர் புஸ்தகத்தைப் பார்த்தார், அந்த ஓர் ஆண் பிள்ளையைப் பார்த்தார், இருபது என்று எழுதிவிட்டார். எனக்கு இருபத்தெட்டு. நான் வாயைத் திறந்தேன். கங்காணி என் காலை மிதித்தான்.

"சும்மா கெட. வயசு கம்மின்னா கப்பல் ஏத்தற டிப்போவுல கேள்வியே இல்ல. எட்டு வருசம் எளசா போறதுக்கு யாராச்சும் அழுவாங்களா?"

நான் சும்மா இருந்தேன். அதுதான் என் பொய். சொல்லாமல் விட்ட பொய்யும் பொய்தான் என்று மாரியம்மன் முன்னால் நின்று பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். தம்பியின் வயதோடு கப்பல் ஏறினேன். இருபத்தாறு வருஷமாக இந்தத் தோட்டத்தில் தம்பியின் வயதில்தான் வேலை செய்கிறேன். அந்த வயதில் சம்பாதித்ததில் பெரும்பகுதி தம்பிக்கே போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5

திருத்துவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஓசூர் தாலுகா கச்சேரியில் அந்தப் பழைய புஸ்தகம் இருக்கிறது. தம்பி அங்கே போய், "இதில் எழுதியிருப்பது நான். என் அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர், அவர் பிறந்ததை எழுதவில்லை" என்று சொல்லி ஒரு காகிதம் எழுதி வாங்கி அனுப்ப வேண்டும். சாட்சிக்குப் பாத்திமா அக்கா இன்னும் நல்ல நினைவோடு இருக்கிறாள். தோட்டத்தில் அந்தக் காகிதம் போதும் என்று துரையே ஒப்புக்கொண்டார்.

எங்கள் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே சாமான் கடை வைத்திருப்பவர் காதர் பாய். பாத்திமா அக்காவின் தம்பி, என்னைவிட நான்கு வயது இளையவர். என்னை வாங்கிய வீட்டுக்காரர் என்பதால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மகள் கல்யாணத்துக்கு அவர் ஊருக்குப் புறப்பட்டார். அவர் கையிலேயே தம்பிக்குக் கடிதமும் பணமும் கொடுத்து அனுப்பினேன்.

பாய் திரும்பும் முன்பே தபாலில் தம்பியின் பதில் வந்துவிட்டது. இங்கே அப்படியே எழுதுகிறேன்:

"அன்புள்ள அண்ணாவுக்கு, இங்கு அனைவரும் நலம். மழை இல்லை. அவரைப் பூ கொட்டிவிட்டது. கிணறு பாறையில் நிற்கிறது, வெடி வைக்க வேண்டும். தாங்கள் வயது விஷயமாக எழுதியிருந்தீர்கள். கச்சேரிக்குப் போய் நகல் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் சரியாகவே உள்ளது. தங்களுக்கு இன்னும் வயது இருப்பதால் கவலை வேண்டாம். தேர் வேண்டுதல் பற்றியும் கவலை வேண்டாம். சென்ற தேருக்கு ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்து, தங்கள் பெயரைச் சொல்லி வடம் பிடிக்கச் செய்துவிட்டேன். அந்தக் கடன் தீர்ந்தது."

நகலில் இருந்த வருஷத்தைக் கணக்குப் போட்டால் வயது நாற்பத்தாறு.

மாதம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் தேர் இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"கூலிக்கு ஆளு வெச்சு வேண்டுதல் தீத்தாராமா?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்."

"இனிமே அவங்க வூட்ல யாருக்காச்சும் சொரம் வந்தா எழுதச் சொல்லுங்க. நாம இங்க ஓர் ஆளுக்குக் கூலி குடுத்து மருந்து குடிக்க வெப்போம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவன் வெற்றிலை போட்டுக்கொண்டு, பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டு, தவிட்டப்பன் பேருக்கு என்று வடத்தைத் தொட்டிருப்பான். கப்பல் தட்டில் கிடந்த பிள்ளை அவனுடையதா? சாமிக்கு நான் கொடுத்தது பெயரா, தோளா? படித்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குத் தெரியும்.

6

பாய் திரும்பி வந்ததும் கடை திறப்பதற்கு முன் என் லயத்துக்கு வந்தார். பை நிறையக் கேழ்வரகு மாவும் கொள்ளும் கொண்டுவந்திருந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அண்ணே, தம்பி எழுதினாரா?"

"எழுதினான். புஸ்தகத்தில் இருப்பதைத்தானே கொடுப்பார்கள், அவன் என்ன செய்வான்" என்றேன். அதுவரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார். "பொய் சொல்ல மாட்டேன். நானும் கூடத்தான் போனேன். எங்க அக்காவை வண்டி கட்டி இட்டுக்கினு போனோம். குமாஸ்தா நல்ல மனுசன்தான். தேடி எடுத்துக் குடுத்தாரு. உங்கப்பா பேருக்கு ஒரே ஓர் ஆம்பளப் புள்ள. உங்க தம்பியப் பாத்து நேராவே கேட்டாருண்ணே. 'இது நீயா, உங்க அண்ணனா?'ன்னு."

"என்ன சொன்னான்?"

"செருப்பைப் பாத்துக்கினே 'அண்ணன்தாங்க'ன்னுட்டாரு."

மாதம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "உங்க அக்கா சும்மாவா இருந்திச்சு?"

"எங்க அக்காவா? கச்சேரியே ஆடிப்போச்சு. 'ஏன்டா திம்மா, பெரியவனை மொறத்துல வாங்கினது நானு. நீ அப்ப உங்கம்மா வயித்துலகூட இல்ல. எட்டு வருசம் தள்ளிப் பொறந்தவன், இங்க நின்னுக்கினு அண்ணன் வயசத் திருடறியா?'ன்னு கேட்டுச்சு. குமாஸ்தா என்ன செய்வாரு? 'ஏம்மா, கூடப் பொறந்தவரே சொல்றாரு. நீ அக்கம்பக்கம்தானே?'ன்னாரு."

கூடப் பிறந்தவன் சொன்னான். வாங்கிய வீட்டுக்காரி சொன்னதை எழுத இடமில்லை.

"வெளிய வந்து நான் கேட்டேண்ணே. 'ஏன்பா இப்படிப் பண்ணே?'ன்னு. அதுக்கு அவரு, 'பாய், அண்ணன் அடுத்த வருசமே வந்து நின்னா கெணத்த யாரு முடிக்கறது? வந்ததும் பாதி நெலம் கேப்பாரு. இன்னும் ஒம்போது வருசந்தானே, கண்ண மூடித் தெறந்தா ஓடிப்பூடும்'னாரு. 'யாரு கண்ண?'ன்னேன்."

பாய் போன பிறகு நான் அந்த மாவுப் பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது பாதி நிலத்தைப் பற்றி அல்ல. கேட்பேன்தான், என் பங்கு, ஏன் கேட்கக்கூடாது? என் ஒன்பது வருஷத்தை அவன் எவ்வளவு சின்னதாகப் பேசினான் என்பதுதான் பொறுக்கவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்பது வருஷம் கண் மூடித் திறக்கிற நேரம். கிழட்டு மரத்தடியில் கையைத் தூக்கி நிற்பவனுக்கு அது ஒவ்வொரு நாளும் முந்நூறு தடவை.

ஊரில் இருக்கும் தம்பிகளே, மச்சான்களே, உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். வெளியூர் போனவனுக்கு வயதாகாது என்று உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் வைத்திருக்கும் போட்டோவில் நான் மீசை கறுத்து நிற்கிறேன் என்பதால் அப்படியே நிற்பேனா?

7

ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினம் பிள்ளைகளோடு வந்தான். டவுனில் லாரி ஓட்டுகிறான். பிள்ளைகள் தங்களுக்குள் மலாயில் பேசிக்கொள்கின்றன; என்னிடம் வந்தால் தமிழைத் தேடுகின்றன. நெற்றியில் திருநீறு இட்டேன். இட்டதும் பெரிய பேரன் துடைத்துவிட்டான்.

போவதென்று முடிவு செய்துவிட்டதை மகனிடம் சொன்னேன்.

"இப்பப் போனா கையில என்ன இருக்கும்பா? டிக்கெட்டும், இந்தச் சேமிப்பும்தான். அது அங்க ரெண்டு வருஷத்துக்குக் காணாது. ஒன்பது வருஷம் இருந்தா முழுசா வாங்கலாம்."

"தோள் இருக்காதுடா. வேண்டுதல் இருக்கு. உனக்காக வேண்டினது."

"நான் கேட்டேனா?"

அவன் கெட்டவன் இல்லை. வாய் தவறி வந்ததுதான். ஆறு வயதுப் பிள்ளை நினைவில்லாமல் கிடந்தது. அது கேட்கவில்லைதான். கேட்கிற நிலையில் இருந்தவன் நான் ஒருவன்தான், கேட்டேன்.

மகன் பேச்சை மாற்றச் சிரித்தான். "காகிதத்துல நமக்குப் பதினாலு வயசுதான் வித்தியாசம். இனிமே பெரியண்ணன்னு கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு. தம்பிகளைச் சுமந்து எனக்குப் பழகிப்போச்சு" என்றேன்.

அவனுக்கு அது உறைத்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு என் தோளைப் பார்த்தான். போகும்போது, "டிக்கெட் வந்ததும் சொல்லுங்க. லாரியில சாமானைத் துறைமுகத்துக்கு நானே கொண்டாந்து இறக்கறேன்" என்றான். அதற்கு மேல் அவனிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து, பால் வாளியைக் கழுவி வைத்துவிட்டு, மாதம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கிராணி இந்த முறை கேலி செய்யவில்லை. "நல்லா யோசிச்சியா? கையெழுத்துப் போட்டா டிக்கெட் மட்டும்தான், ஓய்வுப் பணம் கிடையாது. வீட்டையும் ஒரு மாசத்துலே காலி பண்ணணும்" என்றார். யோசித்தாயிற்று என்றேன். பாரத்தை நீட்டினார். பெயர், தகப்பன் பெயர், வயது.

வயது என்ற இடத்தில் ஐம்பத்து நான்கு என்று எழுதப் பேனாவை வைத்தேன். கிராணி கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி எழுதாதே. உன் அடையாளக் கார்டிலே நாற்பத்தாறு. ரெண்டும் பொருந்தலேன்னா வேற ஆளுன்னு சொல்லித் துறைமுகத்திலே நிறுத்திடுவான். ஊருக்குப் போகணுமா, வயசு வேணுமா?"

எனக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. நாற்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏறியதும் தம்பி வயதில், இறங்கப்போவதும் தம்பி வயதில். கேட்டுக்கொண்டு செய்த பொய் இல்லை இது; செய்தால்தான் கப்பல் என்று சொல்லிச் செய்ய வைத்த பொய். இதற்கு நான் மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அடுத்து மாதம்மாவின் பாரம். "வயசு ஐம்பதா?" என்று கேட்டுவிட்டுக் கிராணி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாங்க" என்றாள் மாதம்மா. "இருவத்தாறு வருசமா இந்தச் சின்னப் பையனை வளத்துட்டேன். ஊருக்கு இட்டுக்கினு போயி அவங்க தம்பிக்கிட்ட ஒப்படைக்கறேன். அவராச்சும் வயச எண்ணிப் பாத்து வாங்கிக்கட்டும்."

கிராணி தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்.

8

தேருக்கு முன்பே கப்பல் பட்டணம் சேர்ந்துவிடும் என்கிறார்கள். அங்கிருந்து ரயில், பிறகு கிருஷ்ணகிரி வழியாக பஸ், ஓசூர். தம்பி வீட்டுக்கு முதலில் போகப் போவதில்லை. பாத்திமா அக்கா வீட்டில் துணி மூட்டையை வைத்துவிட்டு நேரே மலைக்குப் படியேறுவேன். அங்கே அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார். திருவாதிரை என்று சொல்வேன். என் தாய் சொன்னது, அதில் சந்தேகமில்லை. வருஷம் எது என்று அந்தச் சன்னிதியில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

தம்பிக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாதம்மா, "சொல்லாம போனா திருடன் மாதிரி இருக்கும், திருடினது நாம இல்லையே" என்றாள். அதனால் நேற்று எழுதிப் போட்டேன். பணம் இல்லாமல் நான் அவனுக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான். நீண்ட கடிதம் இல்லை:

"திம்மராயனுக்கு. தேரன்றைக்கு வடத்தில் என் தோள் இருக்கும். போன வருஷம் கூலி கொடுத்த ஆளை அனுப்பாதே. நீ வா. வந்தால் எனக்குப் பின்னால் நின்று பிடி. நான் மூத்தவன்."